ஒரு லோடிங் காயில், ஆறு தாமதக் கணக்கு

7.1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 42 மீட்டருக்குச் சற்று மேல். கால் அலைநீளச் செங்குத்து ஆன்டெனா என்றால் பத்தரை மீட்டர் உயரம் வேண்டும். அவ்வளவு உயரத்துக்குக் குழாய் நிறுத்த வழியில்லாதவர்கள் பாதி உயரத்தில் நிறுத்தி, இடையில் ஒரு லோடிங் காயிலை (உயரக் குறைவை ஈடுகட்டும் கம்பிச் சுருள்) செருகி ஒத்ததிர்வுக்குக் கொண்டுவருவார்கள். நான் செய்ததும் அதுதான்: 20 மில்லிமீட்டர் அலுமினியக் குழாய், மொத்தம் 5 மீட்டர், சரியாக நடுவில் காயில், தரையில் பரப்பிய ரேடியல் கம்பிகள். ஆன்டெனா கட்டியதைவிட, அந்தக் காயிலுக்குள் சிக்னல் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்க்கப் போனதில்தான் அதிக நேரம் செலவானது. இந்தப் பதிவும் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

ஹாம்கள் (பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள்) நடுவே பரவலாக இருக்கும் விளக்கம் இது. கால் அலை என்றால் 90 டிகிரி. 5 மீட்டர் குழாய் 42.6 டிகிரிதான் தருகிறது. மீதி 47.4 டிகிரியைக் காயில் நிரப்புகிறது. 7.1 மெகாஹெர்ட்ஸில் ஒரு டிகிரி என்பது 0.39 நானோநொடி, ஆகவே அலை காயிலைக் கடக்க 18.5 நானோநொடி எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. எதிர்த்தரப்போ, காயில் என்பது வெறும் மின்தூண்டல், ஒரு முனையில் நுழையும் கரண்ட் மறு முனையில் அதே கணத்தில் வெளியேறும், தாமதம் பூஜ்யம் என்கிறது. இரண்டில் எது சரி என்று மேசையில் வைத்துப் பார்த்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன்.

முதலில் காயில். குழாயை ஒரு டிரான்ஸ்மிஷன் லைனாக (அலையைக் கடத்தும் தடமாக) பாவித்தால், இந்த உயரத்துக்கும் தடிமனுக்கும் அதன் சராசரி இம்பிடன்ஸ் (அலையின் வோல்டேஜுக்கும் கரண்டுக்குமான விகிதம்) 354 ஓம் வருகிறது. காயிலுக்கு மேலே இருக்கும் இரண்டரை மீட்டர், 908 ஓம் கெப்பாசிட்டிவ் ரியாக்டன்ஸாக, அதாவது மாறுமின்னோட்டத்தை ஒரு கெப்பாசிட்டர் தடுப்பது போலத் தெரியும். கீழே இருக்கும் இரண்டரை மீட்டர் 138 ஓம் இண்டக்டிவ், அதாவது ஒரு காயில் போல. இரண்டுக்குமான வித்தியாசம் 770 ஓம். அதைத்தான் காயில் ஈடுகட்ட வேண்டும், 7.1 மெகாஹெர்ட்ஸில் அது 17.3 மைக்ரோஹென்றி.

50 மில்லிமீட்டர் பிவிசி குழாயில், 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு 29 சுற்று சுற்றினால், சுருளின் மின்தூண்டலைத் தரும் வீலர் சூத்திரப்படி இந்த அளவு கிடைக்கும். எனாமல் பூசிய ஒன்றரை மில்லிமீட்டர் செப்புக் கம்பி எடுத்துக்கொண்டேன். சுற்றுக்குச் சுற்று மூன்றரை மில்லிமீட்டர் இடைவெளி சீராக வர, கம்பியோடு சேர்த்து 2 மில்லிமீட்டர் நைலான் கயிறையும் இணையாகச் சுற்றி, முனைகளை இறுக்கி, இரண்டு பக்கமும் எபாக்ஸிக் கோடு இழுத்து, அது காய்ந்தபின் கயிறை உருவி எடுத்தேன். இந்த வேலையில் அவசரம் கூடாது. எபாக்ஸி முழுக்க இறுகுவதற்குள் கயிறை உருவினால் சுற்றுகள் ஒன்றோடொன்று சாய்ந்துகொள்ளும்.

மின்தூண்டலை அளக்கும் எல்சிஆர் மீட்டர் 100 கிலோஹெர்ட்ஸில் 17 மைக்ரோஹென்றிக்குச் சற்று மேல் காட்டியது. ஆனால் 7.1 மெகாஹெர்ட்ஸில் நானோ விஎன்ஏவில் (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஒரு சுற்று எப்படி நடக்கிறது என்று அளக்கும் சின்னக் கருவி) பார்த்தால் அதே காயில் கூடுதலாகத் தெரிகிறது. சுற்றுகளுக்கு இருக்கும் சிறு கெப்பாசிட்டன்ஸ் காயிலின் ரியாக்டன்ஸைத் தூக்கிவிடுகிறது. காயிலின் சுய ஒத்ததிர்வை (வெளியே எதையும் இணைக்காமல் காயில் தானே ஒத்ததிரும் அதிர்வெண்ணை) நெருங்க நெருங்க இந்த ஏற்றம் அதிகமாகும். ஒரு சுற்றைக் கழற்றி 28-ல் நிறுத்தியபின் 770 ஓமுக்கு அருகே வந்தது. குறைந்த அதிர்வெண்ணில் அளந்த மதிப்பை அப்படியே நம்பி ஆன்டெனாவில் ஏற்றினால் ஒத்ததிர்வு கீழே இறங்கி நிற்கும். கம்பியை வெட்டுவதற்கு முன் வேலை செய்யும் அதிர்வெண்ணிலேயே ஒருமுறை அளந்துவிடுவது நல்லது.

சரி, தாமதத்துக்கு வருவோம். மேசையில் எதையும் அளப்பதற்கு முன்பே, காகிதத்தில் ஒரு விஷயம் உறுத்தியது. அதே 5 மீட்டர் குழாயில் காயிலை நடுவில் வைக்காமல் அடியில் வைத்தால் என்ன ஆகும்? அப்போது மேலே முழு 42.6 டிகிரி, அதன் கெப்பாசிட்டிவ் ரியாக்டன்ஸ் 385 ஓம்தான். தேவையான மின்தூண்டல் 8.6 மைக்ரோஹென்றி. நடுவில் வைத்தால் 17.3. காயிலை இன்னும் மேலே ஏற்ற ஏற்ற, அதற்கு மேலே இருக்கும் குழாயின் கெப்பாசிட்டன்ஸ் குறைந்துகொண்டே போவதால், தேவைப்படும் மின்தூண்டல் எகிறிக்கொண்டே போகும். மூன்று இடத்திலும் "காணாமல் போன" டிகிரி அதே 47.4. இடத்தைப் பொறுத்துக் காயிலின் அளவு இரண்டு மடங்கு, நாலு மடங்கு மாறுகிறது, ஆனால் எல்லாக் காயிலும் சொல்லிவைத்தாற்போல அதே 18.5 நானோநொடி தாமதம் தர வேண்டும் என்றால், அதை என்னால் நம்ப முடியவில்லை. டிகிரிக் கணக்கில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. அது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொரு பிரபலமான கணக்கு கம்பி நீளம். 29 சுற்றுக்குப் போன கம்பி 4.6 மீட்டர். ஒளியின் வேகத்தில் அது 15.4 நானோநொடி. இதையும் சுலபமாகச் சோதித்துவிடலாம். அதே கம்பியை, அதே சுற்று எண்ணிக்கையில், 10 சென்டிமீட்டருக்குப் பதில் 20 சென்டிமீட்டருக்கு இழுத்துவிட்டால் மின்தூண்டல் ஒன்பதரை மைக்ரோஹென்றிக்கு இறங்கிவிடுகிறது. கம்பி ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவோ குறையவோ இல்லை; காயிலின் வேலையோ கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. அலை கம்பியைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஊர்ந்து போவதாக நினைப்பதால் வரும் கணக்கு இது. முதல் சுற்றின் காந்தப்புலம் பக்கத்துச் சுற்றுகளையும் தள்ளியிருக்கும் சுற்றுகளையும் நேரடியாகவே தொட்டுவிடுகிறது. அந்தப் புலம் காயிலின் அச்சு வழியாக 10 சென்டிமீட்டரைத் தாண்ட 0.33 நானோநொடி போதும். ஆக 18.5, 15.4, 0.33 என்று மூன்று எண்கள், இதுவரை எந்தக் கருவியையும் தொடாமலேயே.

அடுத்து நானோ விஎன்ஏ. காயிலின் ஒரு முனை ஒன்றாம் போர்ட்டில், மறுமுனை இரண்டாம் போர்ட்டில். கேலிபிரேஷன் முடித்துவிட்டுப் பார்த்தால் 7.1 மெகாஹெர்ட்ஸில் ஃபேஸ் (அலை தன் சுழற்சியில் நிற்கும் கோணம்) 82 டிகிரிக்கு மேல் பின்தங்கிக் காட்டியது. நேரமாக மாற்றினால் 32 நானோநொடி! காயில் நிரப்ப வேண்டியது 47 டிகிரி என்றால், இங்கே அதைத் தாண்டியே போய்விட்டது. அதே திரையில் குரூப் டிலே என்ற அளவைத் தேர்ந்தெடுத்தால் 3 நானோநொடிக்குச் சற்றுக் குறைவு. ஒரே காயில், ஒரே இணைப்பு, ஒரே கருவி. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இதில் மர்மம் எதுவும் இல்லை. 770 ஓம் ரியாக்டன்ஸை, இரண்டு பக்கமும் 50 ஓம் கொண்ட சுற்றில் தொடராக வைத்தால், 770-ஐ 100-ஆல் வகுத்து வரும் விகிதத்தின் கோணம் 82.6 டிகிரி. அலை பயணித்த நேரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அளவே இல்லாத, ஒரு புள்ளியாகச் சுருங்கிய கற்பனைக் காயிலும் இதே கோணத்தைத்தான் காட்டும். அந்தக் கோணம் அதிர்வெண்ணோடு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதுதான் குரூப் டிலே. அதே கற்பனைக் காயிலுக்குக் கணக்குப் போட்டால் 2.9 நானோநொடி வருகிறது. திரையில் இருந்ததும் அதேதான். அதாவது நான் அளந்தது காயிலின் மின்தூண்டலையும் கருவியின் 50 ஓமையும் மட்டுமே.

இதை உறுதிசெய்ய, இரண்டு பக்கமும் 950 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்தேன். ஃபேஸ் 21 டிகிரிக்கு இறங்கியது, அதாவது 8 நானோநொடி. குரூப் டிலே ஏழரைக்கு ஏறியது. ஒன்று இறங்குகிறது, மற்றொன்று ஏறுகிறது, காயில் மேசையில் அசையாமல் அப்படியே இருக்கிறது. விஎன்ஏவில் காயிலை மாட்டி "3 நானோநொடி வந்தது" என்று யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டியது எத்தனை ஓமில் என்பதுதான். அந்த எண்ணை வைத்து ஆன்டெனாவில் தாமதம் குறைவு என்று வாதிடுவதும், 82 டிகிரியை வைத்துத் தாமதம் அதிகம் என்று வாதிடுவதும் ஒரே ரகம்தான்.

ஃபேஸை விட்டுவிட்டு நேரத்திலேயே பார்க்கலாம் என்று ஆஸிலோஸ்கோப்பை எடுத்தேன். 74ஏசி14 சில்லு ஒன்றால் சில நானோநொடியில் எழும்பும் சதுர அலை. அதைக் காயிலுக்குள் விட்டு வெளியே எப்போது வருகிறது என்று பார்ப்பது. இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. சாதாரணப் பத்துக்கு ஒன்று புரோபைக் காயிலின் முனையில் வைத்தால், அந்தப் புரோபின் பத்து பிகோஃபாரட்டே காயிலின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸைவிடப் பல மடங்கு. அளக்கப்போகும் பொருளைப் புரோபே மாற்றிவிடும். அதனால் காயிலின் முனையிலிருந்து 3.3 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக நேரே 50 ஓம் கேபிளுக்கும், அங்கிருந்து ஸ்கோப்பின் 50 ஓம் உள்ளீட்டுக்கும் போனேன். சிக்னல் எழுபது மில்லிவோல்ட் அளவுக்குச் சுருங்கிவிடும், ஆனால் நம்பலாம். ரெசிஸ்டரை ஒன்றாகப் போடாமல் சின்ன மதிப்புகளைத் தொடராகக் கோத்தால் அதன் குறுக்கே இருக்கும் தேவையற்ற கெப்பாசிட்டன்ஸும் குறையும்.

திரையில் தெரிந்தது சுவாரஸ்யமானது. உள்ளே படி எழும்பிய அதே நேரத்தில் வெளியேயும் ஒரு சின்ன மேடு. 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பால் 3.5 நானோநொடிக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது. அந்த எல்லைக்குள் இரண்டும் ஒன்றாகவே தொடங்கின. அப்புறம் மெதுவாக ஏறி, பாதி உயரத்தை எட்ட ஏறத்தாழ 6 நானோநொடி. ரெசிஸ்டரை ஒரு கிலோஓமாக மாற்றினால் பாதி உயரம் 12 நானோநொடிக்குத் தள்ளிப்போனது. முதல் மேடு நகரவே இல்லை. "சிக்னல் எப்போது வந்தது" என்ற கேள்விக்கு முதல் துளி, பாதி உயரம், முழு உயரம் என்று வெவ்வேறு விடைகள் இருக்கின்றன. அவற்றில் முதல் துளியைத் தவிர மற்ற எல்லாம் காயிலுக்குப் பின்னால் என்ன கட்டியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தவை.

இன்னொரு வழி, சுய ஒத்ததிர்வு. காயிலின் ஒரு முனையை உலோகத் தகட்டில் இணைத்து, மறுமுனையைத் திறந்துவிட்டு, சின்ன வளையம் ஒன்றால் லேசாக ஊட்டிப் பார்த்தால் 24 மெகாஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிர்வு. அங்கே காயில் தானே ஒரு கால் அலை போல நடந்துகொள்கிறது. 24 மெகாஹெர்ட்ஸின் கால் சுழற்சி 10.4 நானோநொடி. அதை அப்படியே 7.1 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தால் 26 டிகிரிக்குச் சற்று மேல். அதிர்வெண் மாறினாலும் காயிலில் அலைவேகம் மாறாது என்று வைத்துக்கொண்டால்தான் இது செல்லும். ஆனாலும், இதுவரை வந்த எண்களில் காயிலைக் காயிலாக மதிக்கும் எண் இது ஒன்றுதான். வெளிக்கருவியின் ஓம் இதில் நுழையவில்லை.

ஆறு எண்கள் ஆகிவிட்டன: 0.33, 3, 10, 15, 18, 32. ஆன்டெனாவில் உண்மையில் நடப்பதைப் பார்க்காமல் இதில் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. அதற்குக் காயிலின் அடியிலும் மேலேயும் ஓடும் கரண்டை அளக்க வேண்டும்.

குழாயின் மேலேயே கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரை மாட்டி அளப்பது வழக்கம். அதில் மேல் முனையில் இருக்கும் உயர் வோல்டேஜ் பெரிய தொல்லை. புரோபிலிருந்து இறங்கும் கேபிளே ஆன்டெனாவின் ஒரு பகுதியாகிவிடும். அதனால் மேசையிலேயே ஆன்டெனாவின் நகல் ஒன்றைக் கட்டினேன். பெரிய அலுமினியத் தகடு தரை. அதன்மேல் காயில் நிமிர்ந்து நிற்கிறது. மேல் குழாய்க்குப் பதில், காயிலின் உச்சியிலிருந்து தகட்டுக்கு ஒரு காற்று வேரியபிள் கெப்பாசிட்டர். காயிலின் உச்சியிலிருந்து வெளியேறும் கரண்ட் முழுவதும் அந்தக் கெப்பாசிட்டர் வழியாகத்தான் தகட்டுக்குத் திரும்ப வேண்டும். ஆகவே அதைக் கெப்பாசிட்டரின் தரைமுனையிலேயே அளக்கலாம். அங்கே வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. காயிலின் அடியில் இருக்கும் புரோபும் தரைக்கு அருகில்தான். இரண்டு புரோபும் ஃபெரைட் வளையத்தில் 20 சுற்று, 50 ஓம் சுமை. நானோ விஎன்ஏ ஒன்றாம் போர்ட் ஊட்டுகிறது, இரண்டாம் போர்ட் ஒவ்வொரு புரோபாகப் படிக்கிறது. புரோபுகளை இடம் மாற்றி மீண்டும் படித்து, அவற்றுக்கு இடையே இருக்கும் வித்தியாசத்தைக் கழித்துவிட்டால் போதும்.

கெப்பாசிட்டரைத் திருகி 7.1-ல் ஒத்ததிர்வு வைத்தபோது மேல் கரண்ட், அடிக் கரண்டில் 94 சதவீதம். ஃபேஸ் வித்தியாசம் ஒரு டிகிரி அளவில். அது என் புரோபுகளின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும்.

பூஜ்யத் தாமதக் கட்சிக்காரர்கள் இங்கே கைதட்டுவார்கள். பொறுமை. ஒத்ததிர்வில் இருக்கும் ஆன்டெனாவில் மேலே போகும் அலையும், முனையில் மோதித் திரும்பும் அலையும் ஏறக்குறைய சம அளவில் கலந்து நிற்கின்றன. நிலையலையில் கரண்டின் ஃபேஸ் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றேதான். மாறுவது அதன் அளவு மட்டும். காயிலே இல்லாத முழு நீளக் கால் அலைக் குழாயிலும் அடியிலும் பாதி உயரத்திலும் அளந்தால் ஃபேஸ் வித்தியாசம் தெரியாது. அதற்காக அந்தக் குழாயை அலை நேரமே எடுக்காமல் கடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே இந்த ஒரு டிகிரி எந்தக் கட்சிக்கும் சாட்சி சொல்லாது. சாட்சி சொல்வது அந்தக் காணாமல் போன 6 சதவீதக் கரண்ட்தான்.

அது எங்கே போனது? காயிலின் உடலிலிருந்து சுற்றியிருக்கும் தகட்டுக்கு, காற்று வழியாகக் கெப்பாசிட்டிவ் கரண்டாகக் கசிந்தது. தாமதத்துக்கு மின்தூண்டல் மட்டும் போதாது, வெளியே நோக்கிய கெப்பாசிட்டன்ஸும் வேண்டும். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால்தான் நேரம் வரும். கெப்பாசிட்டன்ஸ் பூஜ்யமானால் தாமதமும் பூஜ்யம். இதைப் பார்க்க, காயிலைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, நெடுக்கே ஒரு பிளவு விட்ட அலுமினியத் தகட்டுச் சுருளை வைத்துத் தரையோடு இணைத்தேன். மறுபடி ஒத்ததிர்வு வைத்துப் பார்த்தால் மேல் கரண்ட் 80 சதவீதத்துக்குப் பக்கமாக இறங்கிவிட்டது. அதே கம்பி, அதே சுற்று. காயிலுக்குச் சுற்றுப்புறம் நெருங்கினால் அது லைன் போல நடக்கிறது, விலகினால் வெறும் மின்தூண்டல் போல நடக்கிறது. சுய ஒத்ததிர்விலிருந்து வந்த 26 டிகிரிக் கணக்கு உண்மையென்றால் நிமிர்ந்து நின்ற காயிலிலேயே 10, 11 சதவீதம் இறங்கியிருக்க வேண்டும். எனக்கு வந்தது அதில் பாதிக்குச் சற்று மேல்தான். இந்தக் காயில் இரண்டு கட்சிக்கும் நடுவில், பூஜ்யத்தின் பக்கம் சாய்ந்து நிற்கிறது.

இப்போது டிகிரிக் கணக்கில் விடுபட்டது என்ன என்ற பழைய பாக்கி. காயில் 47 டிகிரியைத் தரவில்லை என்றால், ஆன்டெனா எப்படி 90 டிகிரி போல நடக்கிறது? இதற்குக் காயிலே வேண்டாம், இரண்டு துண்டுக் கேபிள் போதும். இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான், செலவும் இல்லை. 75 ஓம் ஆர்ஜி-59 ஒரு மீட்டர், 50 ஓம் ஆர்ஜி-58 ஒரு மீட்டர். இரண்டிலும் உள்ளே இருப்பது திட பாலிஎதிலீன் என்றால் இரண்டிலும் அலை ஒளிவேகத்தில் 66 சதவீதத்தில் போகும். இரண்டையும் தொடராக இணைத்து, கடைசி முனையைத் திறந்துவிட்டு, எந்த அதிர்வெண்ணில் உள்ளீடு ஷார்ட் போலத் தெரிகிறது என்று விஎன்ஏவில் பாருங்கள்.

இரண்டு மீட்டரும் ஒரே வகைக் கேபிளாக இருந்தால் கால் அலை 24.75 மெகாஹெர்ட்ஸில் வரும். 75 ஓம் துண்டை விஎன்ஏ பக்கமும் 50 ஓம் துண்டைத் திறந்த பக்கமும் வைத்தால் கணக்குப்படி 21.6-க்கு இறங்க வேண்டும், அங்கேதான் வந்தது. திருப்பி இணைத்தால் 27.9. நீளம் மாறவில்லை, அலை கடக்கும் நேரம் மூன்றிலும் அதே 10 நானோநொடி. 21.6 மெகாஹெர்ட்ஸில் அந்த இரண்டு மீட்டர் 78.5 டிகிரிதான், இருந்தும் 90 டிகிரி போல நடக்கிறது. மீதி 11.5 டிகிரி எங்கிருந்து வந்தது? இம்பிடன்ஸ் மாறும் அந்த மூட்டில் ஒரு பகுதி அலை திரும்புகிறது. திரும்பிய அலைகள் எல்லாம் கூடும்போது ஒத்ததிர்வு இடம் மாறுகிறது. மூட்டில் தாமதம் செய்யும் பொருள் எதுவும் இல்லை, அங்கே இருப்பது ஒரு சால்டர் துளி.

லோடிங் காயிலில் இதே கதை இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. 354 ஓம் குழாய், ஆயிரம் ஓமுக்கு மேல் இம்பிடன்ஸ் கொண்ட காயில், மறுபடி 354 ஓம் குழாய். டிகிரியின் பெரும்பங்கு இந்த மூட்டுகளிலிருந்து வருகிறது, காயிலின் உள்ளே அலை செலவழிக்கும் நேரத்திலிருந்து கொஞ்சம் வருகிறது. காயிலை அடிக்குக் கொண்டுபோனால் மின்தூண்டல் பாதியாகப் போதுமானதும் இதனால்தான். ஒரு இடத்தில் எவ்வளவு ரியாக்டன்ஸ் பாக்கி இருக்கிறதோ அதைத்தான் காயில் தீர்க்கிறது, டிகிரியை எண்ணிப் பார்த்து நிரப்புவதில்லை.

பின் ஏன் தாமதம் என்ற எண்ணம் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது? என் ஊகம், லோடிங் காயில் என்ற பெயர் தொலைபேசி லைனிலிருந்து வந்தது என்பது. லைனில் மின்தூண்டலைக் கூட்டினால் பேச்சு சிதையாமல் போகும் என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ஹெவிசைட் 1887-லேயே எழுதினார். இடைவெளி விட்டுக் காயில் வைக்கும் முறைக்கு 1900-ல் அமெரிக்காவில் இயற்பியலாளர் பியூபின் காப்புரிமை பெற்றார். 6,000 அடிக்கு ஒரு 88 மில்லிஹென்றி காயில் என்பது பின்னாளில் வழக்கமான ஏற்பாடு. அங்கே காயிலுக்கு அடுத்தடுத்துக் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் வந்துகொண்டே இருக்கும். ஒரு பிரிவுக்கு ஏறத்தாழ 90 மைக்ரோநொடி தாமதம் நிஜமாகவே உண்டு. முழு நீளமும் சுருளாகச் சுற்றிய ரப்பர் ஆன்டெனாவும் இந்த ஜாதிதான், அதில் அலை மெதுவாகப் போகிறது என்று தாராளமாகச் சொல்லலாம். நம்முடைய 10 சென்டிமீட்டர் காயில் அப்படிப்பட்டதில்லை.

இத்தனையும் செய்துமுடித்தபின்தான், அசல் கேள்வியைக் கேட்கும் ஒருவருக்கு இந்த நானோநொடிகள் எதுவுமே முக்கியமில்லை என்று பட்டது. காயில் போட்டதால் சிக்னல் தாமதமாகிறதா? ஆகிறது. ஆனால் அந்தத் தாமதம் காயிலுக்குள் பயணிக்கும் நேரத்தால் வருவதில்லை, ஒத்ததிர்வின் கூர்மையால் வருகிறது. குறுகிய பேண்ட்விட்த் (அதிர்வெண் அகலம்) கொண்ட எந்தச் சுற்றும் தன்னுள் ஆற்றலைச் சேர்த்துவைத்துத்தான் வெளியே விடும். ஊஞ்சலை முதல் தள்ளலிலேயே முழு உயரத்துக்குக் கொண்டுபோக முடியாதது போல. ஒத்ததிர்வில் அந்த நேரம், பேண்ட்விட்தைப் பை (π) என்ற மாறிலியால் பெருக்கி வருவதன் தலைகீழ்.

ஆன்டெனாவை நிறுத்தி அடியில் அளந்தபோது 25 ஓம் வந்தது. காயில் நடுவில் இருக்கும்போது கதிர்வீச்சு எதிர்ப்பு (அலையாக வெளியேறும் ஆற்றலைக் குறிக்கும் பங்கு) 12 ஓம் அளவில் இருக்க வேண்டும். அடியில் வைத்திருந்தால் ஐந்தரைதான். மீதி தரை இழப்பும் காயிலின் சொந்த இழப்பும். விஎன்ஏவின் 50 ஓமையும் சேர்த்தால் கியூ (ஒத்ததிர்வின் கூர்மையைச் சொல்லும் எண்) 13-க்கு அருகே, தாமதம் 0.57 மைக்ரோநொடி என்று கணக்கு சொன்னது. சில மீட்டர் தள்ளி ஒரு சின்ன வளையத்தை நிறுத்தி இரண்டாம் போர்ட்டில் இணைத்து, குரூப் டிலேயைச் சராசரி எடுத்துப் பார்த்தால் 7.1-ல் 0.6 மைக்ரோநொடியை ஒட்டி ஒரு மேடு தெரிந்தது. 600 நானோநொடி! 18.5-ஆ பூஜ்யமா என்று அடித்துக்கொண்ட எண்ணைவிட முப்பது மடங்கு. முழு உயரக் கால் அலைக் குழாய்க்கு இதே கணக்கு 0.15 மைக்ரோநொடிதான் தருகிறது. பேச்சுக்கும் மோர்ஸுக்கும் 0.6 மைக்ரோநொடி ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அது பேண்ட்விட்தின் மறுபக்கம் என்பதால், அதைக் குறைப்பது என்றால் பேண்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு டியூனரைத் தொடாமல் போகலாம் என்று பொருள். அதற்காகவே குறைக்கத் தோன்றியது.

வழி எளிது: மேலே கெப்பாசிட்டன்ஸைக் கூட்டி, காயிலைச் சிறிதாக்குவது. குழாயின் உச்சியில் ஆளுக்கு 60 சென்டிமீட்டர் நீளத்தில் நான்கு அலுமினியக் கம்பிகளைக் குறுக்காகப் பொருத்தினேன். ஒத்ததிர்வு மிகவும் கீழே போய்விட்டது. சுற்றுகளைக் குறைத்துக்கொண்டே வந்ததில் 15-ல் மீண்டும் 7.1-ல் நின்றது, ஏறக்குறைய பாதிக் காயில். குரூப் டிலே மேடு 0.3 மைக்ரோநொடிப் பக்கம் இறங்கியது, அகலமும் இருமடங்கு அளவுக்கு விரிந்தது. மேல் பாதியில் கரண்ட் முன்னைவிட நிறைந்து ஓடுவதால் அடியில் எதிர்ப்பும் சில ஓம் ஏறியது, அது நல்லதுக்கே.

மிஞ்சிய 13 சுற்றுகளை ஷார்ட் செய்து அப்படியே விட்டுவிடத்தான் முதலில் ஆசைப்பட்டேன், பின்னால் வேறு பேண்டுக்கு உதவும் என்று. ஷார்ட் ஆன சுற்றுகளில் வீணாகக் கரண்ட் ஓடிக் காயிலின் கியூவைத் தின்னும். அதனால் எபாக்ஸியைச் சுரண்டி, அவற்றை வெட்டி எடுத்துவிட்டு, முனையை மறுபடி சால்டர் செய்து, மழை நீர் இறங்காதபடி மேலே ஒரு மூடியும் கீழே ஒரு சின்னத் துளையும் வைத்தேன்.